தண்ணீரில் ஓட்டிய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

மும்பை மாதுங்கா, தாராவிப் பக்கத்து நண்பர்களே, நேற்றிரவு கிங்ஸ் சர்க்கிளில் தேங்கிய தண்ணீருக்குள் என் 2016 மாடல் ஸ்கூட்டரை ஓட்டினேன் (புத்தி வேண்டாமா!). நடுவில் அணைந்துபோனது. தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தேன்.

காலையில் செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் சத்தம் மட்டும். பேட்டரி 12.4 வோல்ட் காட்டுகிறது, அழுத்தியதும் 9-க்குக் கீழே விழுகிறது. சரி, பேட்டரிதான் என்று கிக்கரை உதைத்தால் அதிலும் பிடிக்கவில்லை. பிளக்கைத் துடைத்துப் பார்த்தேன், ஸ்பார்க் வருகிறது. ஏர் ஃபில்டர் ஊறிப்போயிருந்தது, காயவைத்திருக்கிறேன். எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறவில்லை (தண்ணீர் கலந்தால் அப்படி ஆகும்), அதுவரை நிம்மதி.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து வடித்தால் போதுமா, இல்லை பெட்ரோல் டேங்க்கையே காலி செய்ய வேண்டுமா? எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் உதைப்பதே ஆபத்து என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்புறம், சயான் பக்கம் வீட்டுக்கு வந்து பார்க்கும் மெக்கானிக் யாராவது இருக்கிறார்களா?