'கேட்ஸ்' படம் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேடை இசை நாடகங்கள் பிடிக்கும் என்பதால்தான், மனிதர்கள் பூனைகளாக வந்து ஆடிப்பாடும் 'கேட்ஸ்' படத்துக்கு 2019இல் போனேன். எதிர்பார்ப்புக்குக் காரணமும் இருந்தது. இசை ஆண்ட்ரூ லாயிட் வெபர். நம் ஏ.ஆர். ரஹ்மானை 'பாம்பே டிரீம்ஸ்' மூலம் லண்டன் மேடைக்கு அழைத்து வந்தவர். மூல நாடகம் 1981இல் தொடங்கி லண்டனில் 21 ஆண்டுகள் ஓடியது. படத்தின் இயக்குநர் டாம் ஹூப்பர், 'லே மிசரபிள்' என்ற இசை நாடகத்தைப் படமாக எடுத்தவர். ஜூடி டென்ச், இயன் மெக்கெல்லன், இட்ரிஸ் எல்பா, டெய்லர் ஸ்விஃப்ட் என்று நடிகர் பட்டாளம் வேறு. இத்தனை பேர் சேர்ந்து எப்படிச் சொதப்புவார்கள்? டிரெய்லரைப் பார்த்து ஊரே சிரித்தபோதும் நான் நம்பவில்லை.

லண்டனில் ஒரு மால் தியேட்டர். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகமும் கைவிரலும் மனிதருடையவை, உடம்பெல்லாம் கணினியில் ஒட்டிய ரோமம், பின்னால் தனியாக ஆடும் வால். ரெபெல் வில்சன் மனித முகம் வைத்த கரப்பான்பூச்சிகளைப் பிடித்துத் தின்றபோது பக்கத்து வரிசைக் குழந்தை அலற, அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனார். எல்பா கோட்டைக் கழற்றும் காட்சியில் அரங்கமே குலுங்கிச் சிரித்தது. அது நகைச்சுவைக் காட்சி இல்லை!

ஆனால் என்னை உறுத்தியது வேறு. வெள்ளைப் பூனையாக வருபவர் பிரான்செஸ்கா ஹேவர்ட், லண்டனின் ராயல் பாலே நடனக் குழுவின் முதன்மைக் கலைஞர். அப்படிப்பட்டவர் ஆடுகிறார், நமக்கு எதுவுமே தெரியவில்லை. தசை இறுகுவது, மூச்சு வாங்குவது, எல்லாம் ரோமத்துக்குள் போய்விட்டது. பாதம் தரையில் பதிகிறதா, மிதக்கிறதா என்றே சந்தேகம். நாட்டியப் படத்தில் உடம்பை மறைத்துவிட்டால் மிச்சம் என்ன?

மேடைப்பித்தன்:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. நான் நாடகத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே உடம்போடு ஒட்டிய உடை, விக், முகத்தில் சாயம், அவ்வளவுதான். எதிரே நிற்பது மனிதர் என்று நமக்குத் தெரியும். தெருக்கூத்தில் மீசையை மழித்த ஆண் பாஞ்சாலியாக வந்து கூந்தலை விரித்து நின்றால் நாம் அழுகிறோமே, அதே கதைதான். பாதி வேலையைப் பார்க்கிறவன் செய்கிறான். படத்தில் அந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். கதை இல்லை என்று திட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை: நாடகத்திலும் பெரிதாகக் கதை கிடையாது. டி.எஸ். எலியட்டின் குழந்தைக் கவிதைகளைக் கோத்ததுதானே!

பாட்டுக்காரி:
நான் வீட்டில் கணவருடன் பார்த்தேன். அவர் பாதியில் தூங்கிவிட்டார். 'மெமரி' பாட்டுக்காகவே உட்கார்ந்திருந்தேன். ஜெனிஃபர் ஹட்சன் குரலில் குறையே இல்லை. ஆனால் கேமரா முகத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டு, கண்ணீரும் மூக்குச்சளியுமாகவே காட்டிக்கொண்டிருந்தது. 'லே மிசரபிள்' படத்தில் ஆன் ஹாத்வேயை அப்படி நெருங்கிக் காட்டியது பலித்தது, ஆஸ்கரும் கிடைத்தது. அதையே இங்கேயும் போட்டுப் பார்த்திருக்கிறார் ஹூப்பர். பூனைக் காதுக்குக் கீழே அழுகிற முகம் எடுபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அப்புறம்தான் பாட்டு பாட்டாக இருந்தது.

ஜூடி டென்ச் பற்றி ஒரு தகவல். 1981 நாடகத்தில் அவர்தான் அந்தப் பாட்டைப் பாட வேண்டியவர். ஒத்திகையில் குதிகால் தசைநார் அறுந்து விலக, எலைன் பெய்ஜ் வந்தார். இத்தனை வருஷம் கழித்து 'கேட்ஸ்' கிடைத்தும் டென்சுக்கு இந்தப் படமா வாய்க்க வேண்டும்!

டொராண்டோ ராசா:
வெளியான பிறகு கிராஃபிக்ஸைத் திருத்தித் தியேட்டர்களுக்குப் புதுப் பிரதி அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் பார்த்தது பழசு போல. டென்சின் கை ரோமமே இல்லாமல் மோதிரத்தோடு அப்படியே தெரிந்தது. நண்பர்கள் கூட்டமாகப் போனதால் காசு வீண் என்று தோன்றவில்லை, அவ்வளவு சிரித்தோம். மோசமான படங்களுக்குக் கேலியாகத் தரும் ராஸி விருது ஆறு வாங்கியது தகும்.

ரயில்பூனை:
எல்லோரும் சாத்துகிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஸ்டீவன் மெக்ரே ரயில் பூனையாக வந்து, காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டேப் டான்ஸ் ஆடும் பாட்டை மறுபடியும் பாருங்கள். தண்டவாளத்தின் மேல் வரிசையாக ஆடிக்கொண்டே போவார்கள். அந்த ஒரு பாட்டுக்கு நான் கை தட்டினேன்.

திரி தொடங்கியவர்:
உண்மை, அதை எழுத விட்டுவிட்டேன். ஆனால் கவனித்தீர்களா, மெக்ரேயும் ராயல் பாலேக்காரர்தான். அவருக்கு மட்டும் கால்சட்டையும் தோள்பட்டியும் போட்டுவிட்டிருக்கிறார்கள், ரோமம் பாதி மறைந்துவிட்டது. காலடிச் சத்தமும் கேட்கிறது. படம் முழுக்க எல்லோருக்கும் துணி தைத்துக் கொடுத்திருந்தால் செலவும் குறைந்திருக்கும்.