எலியின் விந்துப்பையை அரைத்தால் கட்டியாகிவிடுகிறது, என்ன செய்வது?

முதுநகர் மாணவி
கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் போய் முதுகலை விலங்கியல் ஆய்வேடு செய்கிறேன். வெள்ளை எலியின் விந்துப்பையில் அல்கலைன் பாஸ்படேஸ் நொதியை அளக்க வேண்டும். அரைத்த ஐந்து நிமிடத்துக்குள் கட்டித்தயிர்போல இறுகிவிடுகிறது. பைப்பெட்டில் ஏறவே இல்லை. மூன்று எலிகள் இப்படியே போயின. முறையான அனுமதியோடுதான் செய்கிறேன். ஆனாலும் ஓர் உயிரை எடுத்துவிட்டு ஓர் எண்கூட எழுத முடியாதது மனத்தை அறுக்கிறது. கடைசி எலியின் வலப்பக்கப் பை மட்டும் ஃப்ரீசரில் இருக்கிறது. நான்காவதைத் தொடுமுன் காரணம் தெரிய வேண்டும்.

வில்லியனூர்வாசி
இரத்தம் கலந்திருக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் சேர்த்துப் பாருங்கள்.

முதுநகர் மாணவி
சேர்த்துப் பார்த்துவிட்டேன் ஐயா. மாற்றமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
இரத்தம் அல்ல அம்மா. பையின் உள்வளைவைப் பாருங்கள்; கண்ணாடிபோல ஒரு மெல்லிய மடல் ஒட்டியிருக்கும். அது புராஸ்டேட் சுரப்பியின் முன்மடல், உறைவுச் சுரப்பி என்பார்கள். ஒரே சவ்வு இரண்டையும் போர்த்தியிருப்பதால் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதிலுள்ள டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதி, பையின் புரதங்களில் இருக்கும் குளுட்டமின், லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பிணைத்துவிடும். புணர்ச்சிக்குப் பின் பெண் எலியின் யோனியில் அடைப்பு உண்டாவதும் இதனால்தான். காமூ, க்ளே என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1896-லேயே இந்த உறைதலை விவரித்திருக்கிறார்கள்.

இந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும். ஃப்ரீசரில் உள்ள பையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை, கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலிலும் மற்றதை வழக்கமான கரைசலிலும் அரையுங்கள். காரணம் உறுதியாகிவிடும். இறுகிய பிறகு இடிடிஏ ஊற்றிப் பயனில்லை, அந்தப் பிணைப்பு பிரியாது.

ஆனால் அளவீட்டுக்கு இடிடிஏ கூடவே கூடாது. அல்கலைன் பாஸ்படேஸுக்குத் தேவையான துத்தநாகத்தையும் அது பறித்துக்கொள்ளும். சுரப்பியை உரித்தே ஆக வேண்டும். தட்டை ஐஸ்மேல் வைத்து, நுனியிலிருந்து அடிநோக்கி, மழுங்கிய இடுக்கியால் பொறுமையாக உரியுங்கள்.

முதுநகர் மாணவி
ஐயா, இடிடிஏ குழாய் நீராகவே இருந்தது. மற்றது கட்டியாகிவிட்டது.

நேற்று நான்காவது எலி. ஆய்வகத்தில் ஐஸ் இல்லை. துறைமுகத்தில் மீனுக்கு விற்கும் ஐஸைப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். உரிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அரைத்தது அரை மணி கழித்தும் இறுகவில்லை, அளவும் வந்துவிட்டது. பிறகு ஒதுக்கிவைத்த மடலை நசுக்கி, மிச்சத் திரவத்தில் ஒரு துளி விட்டேன். விழுந்த இடத்திலிருந்து வெண்மை பரவியது. சற்று நேரத்தில் குழாயைக் கவிழ்த்தாலும் அசையவில்லை. முதல் மூன்று எலிகளைப் பற்றியும் காரணத்தோடு ஆய்வேட்டில் எழுதுகிறேன்.