ஏழு மோதிரம் வாங்கியவருக்கு ஸ்பிரிங்ஃபீல்டில் படம் இல்லை

2005 ஜூன். மிச்சிகனில் டிராய் ஊரில் நாங்கள் நாலு பேர் ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்தோம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி அப்போது ஆடிய பாலஸ் அரங்கம் பக்கம்தான். ஆனால் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸ் டிக்கெட் எங்கள் கைக்கு எட்டுகிற விலையா? டிவிதான். ஐந்தாவது ஆட்டம், ஓவர்டைம், பிஸ்டன்ஸ் 2 புள்ளி முன்னால். எதிரணி ஸ்பர்ஸின் ராபர்ட் ஹோரி பந்தை உள்ளே எறிந்தார். எங்கள் ரஷீத் வாலஸ் அவரை விட்டுவிட்டு, மூலையில் இருந்த ஸ்பர்ஸின் ஜினோபிலியை மடக்க ஓடினார். "டேய், அவனை விடாதடா"ன்னு ரூம்மேட் கத்தி முடிக்கும் முன்னே பந்து ஹோரியிடமே திரும்பி வந்துவிட்டது. மூன்று புள்ளி. 96-95. மூன்றாவது குவார்ட்டர் முடியப்போகும்வரை ஒரு புள்ளிகூட எடுக்காத மனுஷன், அதற்கப்புறம் 21! சாம்பார் அடிப்பிடித்த வாசனையே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்து ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் போனேன். உருண்டைக் கூரையைச் சுற்றி வரிசையாகப் படங்கள். "ஹோரி எங்கப்பா? ஜோர்டானுக்கே 6 சாம்பியன் மோதிரம்தானே, இவருக்கு 7 ஆச்சே" என்றான்.

மோதிரக் கணக்கு மட்டும் போதாது என்றேன். பழைய வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. எங்கள் பென் வாலஸைக் காட்டினேன். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள், ஒரே ஒரு மோதிரம். புள்ளி சராசரியில் ஹோரியைவிடக் குறைவு. ஆனால் நான்கு முறை சிறந்த டிஃபென்ஸ் வீரர். எதிரணி தினமும் அவரை மனதில் வைத்துத்தான் திட்டம் போட்டது. 2021-ல் உள்ளே வந்தார். மோதிரமே இல்லாத ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் அங்கேதான் இருக்கிறார்கள்.

* * *

அண்ணா, உங்கள் பதிவுக்கு ஒரு பதில். நான் லேக்கர்ஸ் அணியின் கட்சி, ஹோரி எங்களிடமும் ஆடியவர். 2002-ல் சேக்ரமென்டோவோடு தொடரின் நாலாவது ஆட்டம், அவர்கள் ஆள் டிவாட்ஸ் தட்டிவிட்ட பந்து நேரே ஹோரி கைக்கு வந்தது. மணி அடிக்கும்போது பந்து வளையத்துக்குள். 100-99. அது விழாமல் இருந்தால் தொடர் 1-3, அந்த வருஷக் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான். ஹூஸ்டனில் 2 மோதிரம், எங்களிடம் 3, ஸ்பர்ஸில் 2. மூன்று ஊரிலும் அதிர்ஷ்டம் மட்டுமா கூடவே வந்தது? எங்கள் மைக்கேல் கூப்பரைப் பாருங்கள். 5 மோதிரம், நட்சத்திர வீரர்களின் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. என்பிஏவை விட்டது 1990, ஹால் ஆஃப் ஃபேம் கூப்பிட்டது 2024. ஹோரிக்கும் ஒருநாள் வரும், பாருங்கள்.

* * *

தம்பி, இந்த அக்காவும் ஒரு வார்த்தை சொல்கிறேன். கூப்பர் 1987-ல் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கியவர். ஹோரி 16 சீசன் ஆடியும் அந்த மாதிரி ஒன்று கையில் இல்லையே. அதற்காக ஆடம் மாரிசன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு மோதிரம் வாங்கியவர் என்றும் சொல்ல மாட்டேன்.

நானும் காலேஜ் டீமில் இருந்தவள். கோப்பை ஜெயித்த வருஷம் ஃபைனலில் நான் கோர்ட்டில் நின்றது நாலே நிமிஷம், அதில் இரண்டு ஃபவுல். மெடல் எல்லோருக்கும் ஒன்றுதான். அம்மா அதை ஷோகேஸில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "இவ ஜெயிச்சது" என்பார். முதலில் திருத்திப் பார்த்தேன். இப்போதெல்லாம் காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விடுகிறேன்.