முன்புற மங்கலும் மாலை வெயிலும்: ஆலோசனை தேவை

புகைப்படக் குழு நண்பர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புக்கு வெளியே, மாலை ஐந்து மணி வெயில் பின்னாலிருந்து தோளில் விழும்படி அப்பத்தாவை நிற்கவைத்து, லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் செவ்வரளிக் கிளை வரும்படி அமைத்து, 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்ற அகலமான லென்ஸ் திறப்பில் படமெடுத்து வருகிறேன். கிளை அழகாகக் கரைந்து இளஞ்சிவப்புப் புகையாகிறது. ஆனால், வெயில் பட்ட அந்தப் புகை கன்னத்தின் மேலேயே படிந்து, கண்டாங்கிச் சேலையின் கட்டங்களையும் வெளுக்கச் செய்துவிடுகிறது. திறப்பை எஃப் 4-க்குச் சுருக்கினாலோ இலை விளிம்புகள் தெரிந்து கண்ணை உறுத்துகின்றன. கேமரா தானாகக் குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் கிளையையே பிடித்துக்கொள்வதால், ஒற்றைக் குவியப் புள்ளியை அப்பத்தாவின் கண்ணின் மேல் வைத்துச் சமாளிக்கிறேன்.

கிளையைப் படச் சட்டத்தின் ஓரத்துக்கு ஒதுக்குவதா, லென்ஸோடு இன்னும் நெருக்குவதா? நிழலில் இருண்டுவிடும் முகத்துக்கு எதிரிலுள்ள வெள்ளைச் சுவரின் எதிரொளியே போதுமா, ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் வாங்கத்தான் வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அப்பத்தா பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார் என்பதையும் கணக்கில் கொள்ளவும்.