மடக்குக் கத்தி: ஒரு கையால் திறக்க எது சுலபம்?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒப்பினல் 8 என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி. அலகில் உள்ள பள்ளத்தை நகத்தால் பிடித்து இழுக்க வேண்டும். மழையில் மரப்பிடி ஊறி உப்பிவிட்டால் அசையவே அசையாது. இடது கையில் கயிறு இருந்தால் என்ன செய்வது? அலகைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் குமிழா, துளையா, இல்லை பிடியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளிப்பரா?

பதில் 1: துளைதான். ஸ்பைடர்கோ என்ற அமெரிக்கக் கத்தி நிறுவனம் 1981-லேயே கொண்டுவந்தது. கையுறையோடும் திறக்கலாம். குமிழ் அறுக்கும்போது குறுக்கே நிற்கும்.

பதில் 2: வேகத்துக்கு ஃபிளிப்பர். சுட்டுவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஆனால் பிடியில் அலகைப் பூட்டி நிறுத்தும் ஃபிரேம் லாக் பட்டையின் மேல் மற்ற விரல்கள் அழுந்தினால் அலகு வெளியே வராது. நான் ஒரு வாரம் கத்தியைத்தான் திட்டினேன்!

கேட்டவர்: சரி, துளையே. அப்புறம், ஒப்பினல் இறுகினால்?

பதில் 1: அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேசையில் தட்டுங்கள். அலகு எட்டிப்பார்க்கும். பிரான்ஸின் சவோய்க்காரர்களின் பழைய வித்தை இது.