பர்சுவேஷன்: தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது)

அன்பர்களே, வணக்கம்.
மூளையும் நடத்தை மாற்றமும் பற்றிய பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். பர்சுவேஷன், அதாவது பேச்சாலோ செய்தியாலோ ஒருவரின் மனத்தை மாற்றுவது, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'வற்புறுத்தல்' என்று போட்டிருந்தேன். மிரட்டுவதுபோல் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் அடித்துவிட்டார். 'இணங்கவைத்தல்' சரிவருமா?

எனக்கே ஓர் ஐயம் உண்டு. 2010-இல் வந்த ஓர் ஆய்வில், 20 பேரை மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, வெயில் காப்புக் களிம்பு பூசச் சொல்லும் செய்திகளைக் காட்டினார்கள். அடுத்த வாரம் யார் பூசுவார் என்பதில், அவர்கள் வாயால் சொன்னதில் தெரியாததையும் நடு முன்நுதற் புறணியின் (நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி) செயல்பாடு காட்டிக்கொடுத்தது. சம்மதம் சொல்லாதவரும் மாறுகிறார் என்றால், அதை இணக்கம் என்பதா?

——

ஐயா, வள்ளுவர் தந்த சொல் இருக்கிறதே! 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்' (643). 'சொற்பிணிப்பு' என்று ஆளுங்கள். பிணி, பிணை, பிணையல் எல்லாம் கட்டுவதைச் சுட்டும் ஒரே குடும்பம். பிணக்கும் அதில் சேர்ந்ததுதான். ஒன்றோடொன்று சிக்குவதே பிணங்குதல். பின்னலையும் இங்கே சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

——

> 'சொற்பிணிப்பு' என்று ஆளுங்கள்

நான் மருத்துவம் கற்பிப்பவள், ஐயா. பிணி என்று கண்டதும் மாணவர் நோய் என்றே படிப்பார். என் தேர்வு 'இணக்குதல்'. அடங்கு–அடக்கு, இயங்கு–இயக்கு போல இணங்கு–இணக்கு. 'வைத்தல்' என்ற ஒட்டே வேண்டாம்.

——

இடையில் ஒன்று. 'புறணி' வேண்டாமே. புறங்கூறுவதுதான் நினைவுக்கு வருகிறது.

——

தாவரவியலில் புறணி என்றுதானே படித்தோம்? இலத்தீனில் கார்டெக்ஸ் என்றாலே மரப்பட்டை. அதில் கைவைக்காதீர்கள்.

——

பிணிப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் அதே குறளின் அடுத்த சொற்களைப் பாருங்கள்: 'கேளாரும் வேட்ப'. விரும்பும்படி என்று பொருள். நீங்கள் சொன்ன மூளைப்பகுதி, 'இது எனக்கானதா, எனக்கு இதன் மதிப்பென்ன' என்று எடைபோடுவதோடு தொடர்புடையது என்கிறார்கள். அப்படியானால் நடப்பது சம்மதம் அல்ல, விருப்பம் பிறப்பது. 'வேட்பித்தல்' என்போம்.

——

ஐயா, வேட்பித்தல் என்றால் வேள்வி செய்வித்தல். ஓதல், ஓதுவித்தல், வேட்டல், வேட்பித்தல் என்று அந்தணர் தொழில்களைச் சொல்லும் வரிசையிலேயே வருகிறது. மாணவர் அகராதியைப் புரட்டினால் அதைத்தான் காண்பார்.

——

வேட்பாளரை யாராவது வேள்வி செய்பவர் என்று எண்ணுகிறோமா, அம்மா? புழங்கினால் பொருள் படியும்.

——

அனைவருக்கும் நன்றி. ஐவர் 'இணக்குதல்' என்கிறீர்கள், ஒருவர் 'வேட்பித்தல்'. நேரமில்லாததால் 'இணக்குதல்' என்றே அனுப்புகிறேன். ஆனால் புகையை நிறுத்த உதவும் தொலைபேசி எண்ணுக்கான விளம்பரங்கள் பற்றிய 2012 ஆய்வை மொழிபெயர்க்கும்போது கை நின்றது. எது எடுபடும் என்று புகைப்பவர்கள் போட்ட வரிசை பொய்த்தது. அவர்கள் மூளையின் அதே பகுதி காட்டிய வரிசையே வந்த அழைப்புகளோடு ஒத்துப்போனது. அந்தப் பத்தியில் 'இணக்குதல்' ஒட்டவே இல்லை.

——

ஒட்டாது. அந்தப் பத்தியில் மட்டுமாவது 'வேட்பித்தல்' இருக்கட்டும், ஐயா.