மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா?

கேள்வி: பாளையங்கோட்டை ஆசிரியை

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் முப்பத்தாறு வயதான பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஓய்வுநாள் பள்ளிக் காலத்திலிருந்தே பாடகர் குழுவில் பாடி வருபவள். சென்ற ஆண்டு என் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அதன் பிறகு வந்ததைத் துக்கம் என்றே முதலில் நினைத்தேன். மாதங்கள் கடந்தும் அது குறையவில்லை. வேறு எதுவோவாக மாறிவிட்டது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பின் உறக்கம் இல்லை. வேதாகமத்தைத் திறந்து ஒரே வசனத்தை நான்கு முறை வாசித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. பிள்ளைகளின் டிபன் டப்பாவைக் கழுவ எழுந்திருப்பதற்கே அரை மணி நேரம் என்னோடு நானே வாதாட வேண்டியிருக்கிறது. அழுகைகூட வருவதில்லை என்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

என் கணவர் வற்புறுத்தி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மனச்சோர்வுக்கான எஸிடாலோபிராம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரத்தில் உறக்கம் திரும்பியது; இரண்டாம் மாதத்தில் மறுபடியும் பாடகர் வரிசையில் போய் நின்றேன். அந்தச் சமயத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்தவர், "நீ மாத்திரையை நம்புகிறாயா, கர்த்தரை நம்புகிறாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் மீதியிருந்த அட்டைகளைக் குப்பையில் போட்டேன். அடுத்த ஞாயிறு பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் சுகம் பெற்றதாகச் சாட்சியும் சொன்னேன்.

இப்போது ஐந்து வாரங்கள் ஆகின்றன. பழையது எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதோடு பொய்ச்சாட்சி சொன்னேனே என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று ஜெபக்குழுவிலுள்ள ஓர் அக்கா சொல்கிறார்கள். ஜெபிக்க முழங்காலிட்டால் சுவரோடு பேசுவதைப் போல இருக்கிறது. மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினால் கர்த்தரை மறுதலித்ததாக ஆகுமா? எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பதில் 1: தூத்துக்குடி சகோதரர்

சகோதரி, உங்கள் பாரத்தை வாசித்தேன். குடியினாலும் கடனாலும் நான் இரண்டு ஆண்டுகள் இருளில் கிடந்தவன். எந்த மருந்தும் இல்லாமல், உபவாசத்தினாலும் ஜெபத்தினாலும் மட்டுமே கர்த்தர் என்னைத் தூக்கி எடுத்தார். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று பவுல் எழுதியது சிறையிலிருந்து என்பதை நினைத்துப் பாருங்கள். மருந்து பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் மெய்யான விசுவாசிக்கு இந்தச் சோர்வு நீடிக்காது என்பதே என் அனுபவம். இருபத்தொரு நாள் காலை உணவை விட்டு உபவாசித்துப் பாருங்கள். நானும் உங்களோடு சேர்ந்து உபவாசிக்கிறேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாசரேத்

தம்பி அன்பினால் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், உறங்காமலும் ஒழுங்காகச் சாப்பிடாமலும் இருக்கிற ஒருத்தியிடம் காலைச் சாப்பாட்டையும் விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதே நிலையில் கிடந்த ஒரு தீர்க்கதரிசியிடம் தேவன் என்ன செய்தார் என்பது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்டவர் எலியா. மழை வரக் கண்டு, ஆகாப் ராஜாவின் இரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடியவர். அப்படிப்பட்டவர் மறுநாளே ராணி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பெயெர்செபாவுக்குப் போய், தம்முடைய வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் நடந்து, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். வேலைக்காரனை விட்டுவிட்டுப் போனார் என்ற சிறு குறிப்பை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். இந்த நோய் ஆளை முதலில் தனியாகத்தான் பிரிக்கிறது. நீங்கள் ஐயரிடம் சொல்ல வெட்கப்படுவதும் அந்த வகைதான், அம்மா.

அங்கே வந்த தூதன் அவருடைய அவிசுவாசத்தைக் கண்டிக்கவில்லை. என்ன பாவம் செய்தாய் என்றும் கேட்கவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார், படுத்துக்கொள்ளவும் விடப்படுகிறார். இரண்டாம் முறை எழுப்பி, பயணம் வெகுதூரம் என்று சொல்லி, மீண்டும் உண்ணக் கொடுக்கிறான். ஓரேப் பர்வதத்தில் அமர்ந்த மெல்லிய சத்தத்தை அவர் கேட்டதெல்லாம் நாற்பது நாளுக்குப் பிறகுதான். உறக்கமும் ஆகாரமும் முந்தி வந்தன, வார்த்தை பிந்தி வந்தது.

மாத்திரையா கர்த்தரா என்று கேட்ட சகோதரர் ஏசாயா 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்தால் நல்லது. சாகும் நிலையில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். தேவன் பதினைந்து ஆண்டுகளைக் கூட்டித் தந்தார். அந்த வாக்குத்தத்தம் கிடைத்திருந்தும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின் மேல் பற்றுப்போடச் சொன்னவர் அதே ஏசாயாதான். பற்று போட்டதால் எசேக்கியாவின் விசுவாசம் குறைந்துவிட்டதாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

நீங்கள் பாடகர் குழுவில் இருப்பவராதலால் இன்னொன்றும் சொல்கிறேன். "இம்மானுவேலின் இரத்தத்தால்" என்ற பாமாலைப் பாட்டை எத்தனை நற்கருணை ஆராதனைகளில் பாடியிருப்பீர்கள்! அதன் ஆங்கில மூலத்தை இயற்றிய வில்லியம் கூப்பர் (1731–1800) வாழ்நாளில் பலமுறை கடும் மனச்சோர்வில் விழுந்தவர். 1763இல் உயிரை விட முயன்ற அவரை இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் என்ற மருத்துவர் தம் இல்லத்தில் வைத்துப் பராமரித்தார். ரோமர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக் கூப்பர் மனந்திரும்பியது அந்த வைத்திய இல்லத்தில் இருந்தபோதுதான். பிறகு 1773இல் மீண்டும் விழுந்தார். தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைக் கடைசிவரை முழுமையாக விடவில்லை. அந்த நாட்களில் ஓல்னி ஊரின் போதகர் ஜான் நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துக்கொண்டார். மேரி அன்வின் என்ற விதவை பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்தார். எதிலும் மனம் ஒட்டாமல் இருந்த அவரிடம் அக்கம்பக்கத்தார் ஒரு முயல்குட்டியைக் கொடுத்தார்கள். அது மூன்றாகி, அவற்றுக்குத் தங்கும் கூண்டுகளைத் தாமே செய்து வளர்த்ததில் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் விசுவாசத்தால் நோயை வென்றார் என்று நான் கதை கட்ட மாட்டேன். அவரால் நம்ப முடியாத நாட்களில் அவருக்காக நம்பிய ஆட்கள் இருந்தார்கள். அவர் காலத்தில் இல்லாத மருந்து உங்களுக்கு இருக்கிறது.

ஜெபம் வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஸ்தோத்திரத்தில் முடியாத சங்கீதம் அது; "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்?

பதில் 3: மனநலச் செவிலியர்

அக்கா, நான் இருபது ஆண்டுகளாக மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். மருந்து விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நேரடியாக ஒன்றைக் கேட்கிறேன்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்று இரவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் வலுவாக இருந்தால் மருத்துவர் தந்த தேதிக்குக் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் கண்டவரையில், யாராவது கேட்டுவிட்டார்களே என்று பெருமூச்சு விட்டவர்களே அதிகம்.

எஸிடாலோபிராம் போதை மருந்தும் அல்ல, தூக்க மாத்திரையும் அல்ல. வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்; முழுப் பயன் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். உங்களுக்கு மூன்றாம் வாரத்தில் உறக்கம் திரும்பியது அந்தக் கணக்குக்கு ஒத்துத்தான் வருகிறது. நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். இடையில் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தாற்போன்ற உணர்வு ஆகியவை சிலருக்கு வரும், நோயும் திரும்பலாம். விட்ட பிறகு சில நாட்கள் நன்றாக இருப்பது வழக்கந்தான். ஆகவே நீங்கள் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்லவில்லை; அன்று உண்மையாகவே நன்றாக இருந்தீர்கள், உட்கொண்ட மருந்தின் பலன் இன்னும் உடம்பில் இருந்தது.

ஐந்து வாரம் இடைவெளி விழுந்துவிட்டதால் பழைய சீட்டை வைத்து நீங்களாகவே மறுபடியும் தொடங்காதீர்கள். மருத்துவரைப் பார்த்து, விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், எங்களிடம் வருபவர்களில் பலரும் ஒருமுறையாவது இப்படி நிறுத்தியவர்களே. தைராய்டும் இரத்தசோகையும் இருக்கின்றனவா என்று இரத்தப் பரிசோதனை செய்ததுண்டா என்றும் கேளுங்கள், ஏனெனில் இதே சோர்வை அவையும் தரும்.

இன்னொன்று. வேலூர் சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தைப் பாகாயத்தில் 1957இல் தொடங்கியவர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மிஷனெரி மருத்துவர். நோயாளியைப் பூட்டி வைக்காமல், குடும்பத்தினர் ஒருவர் உடனிருந்து சமைத்துக் கொடுத்துக் கவனிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார்கள். ஜெபிக்கிறவர்களே கட்டிய மனநல மருத்துவமனை நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிர் கட்சிகளாக யார் ஆக்கினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பதில் 4: கிராமச் சபைப் போதகர்

சகோதரி, உங்கள் ஐயரிடம் போங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆயினும் எங்களில் பலர் வெளியே தெரிவதைவிட இதை அறிந்தவர்கள். லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன், 1856 அக்டோபரில் அவருடைய கூட்டத்தில் யாரோ தீப்பிடித்ததாகக் கூச்சலிட்டு, நெரிசலில் ஏழு பேர் இறந்த பிறகு, வெகுநாள் நிலைகுலைந்து போயிருந்தார். பிற்காலத்திலும் அந்தச் சோர்வு அவரிடம் அடிக்கடி வந்தது. தம் மாணவருக்கு நடத்திய விரிவுரைகளில் அதை அவரே மறைக்காமல் பேசினார். மெய்யான விசுவாசிக்குச் சோர்வு நீடிக்காது என்று மேலே சகோதரர் எழுதியது அவருக்குப் பொருந்தவில்லை. எனக்கும் பொருந்தவில்லை, நானும் நான்கு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் சபையில் இதை இருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது அது போதாதென்று தோன்றுகிறது.

சாட்சியைப் பற்றி: சங்கத்தில் எழுந்து நின்று திருத்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உடம்பு தேறட்டும். அதற்குப் பிறகும் சொல்ல விரும்பினால், மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில் 1இன் சகோதரர் மீண்டும்

உபவாசத்தைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சகோதரிக்கு உறக்கம் இல்லை என்பதை வாசித்தும் நான் யோசிக்கவில்லை. என் அனுபவம் எனக்கு உண்மைதான், அதை விடமாட்டேன். ஆனால் எனக்கு மருந்து தேவைப்படவில்லை என்பதால் வேறொருவருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடாது. சகோதரிக்குப் பதிலாக நான் உபவாசிக்கிறேன், அவர்கள் சாப்பிடட்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. செவிலியர் தங்கை கேட்ட கேள்விக்குப் பதில்: சாக வேண்டும் என்று திட்டமாக இல்லை. காலையில் விழிக்காமல் இருந்தால் நலமாயிருக்குமே என்று சில நாட்களாக வருகிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நேற்றிரவு உங்கள் பதிலைக் கணவரிடம் காட்டினேன். அவர் வாசித்து முடித்து, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு 14416இல் இருவருமாகப் பேசினோம். நாளை காலை மருத்துவரைப் பார்க்கிறோம். கணவர் விடுப்பு எடுத்திருக்கிறார். பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறோம்.

ஐயரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஐயரம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் வசனம் எதுவும் சொல்லவில்லை, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அரை மணி நேரத்தில் தூக்குவாளியில் இட்லியோடு வாசலில் நின்றார்கள். இரண்டு சாப்பிட்டேன். பிறகு மதியம் வரை தூங்கிவிட்டேன்.